பினாங்கில் பிரித்த உளுந்து

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூத்தது மூன்றும் ஆண், நான்காவது பெண், கடைசி தேன்மொழி. இந்தப் பயணம் அவளால் வந்தது. நாலடி ஏழு அங்குலம் இருப்பாள், வயது முப்பத்தொன்பது, கோவில்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவளை ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டு மலேசியாவில் இருந்து போன் வந்தது. எங்கள் தெருவில் வேறு யார் வீட்டுக்கு அப்படி போன் வந்திருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. தீப்பெட்டி ஒட்டப் போனவள். ஐம்பது தாண்டிய பிறகு தேன்மொழிதான் என்னைப் பிடித்து உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். விரல் வைத்து வாசிப்பேன். எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகும். அவசரம் எனக்கு இல்லை.

தேன்மொழிக்கு இருப்பதற்கு டர்னர் என்று பேர். உடம்பில் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நாற்பத்தாறு குரோமோசோம் இருக்க வேண்டுமாம். பெண்ணுக்கு அதில் எக்ஸ் என்பது இரண்டு. இவளுக்கு ஒன்றுதான். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வருவது. வளர்த்தி குறையும், அநேகம் பேர் தானாக வயதுக்கு வர மாட்டார்கள், பிள்ளை பிறப்பது அரிது, சிலருக்கு இருதயத்தில் கோளாறு இருக்கும், பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா மேல் தப்பில்லை, அப்பா மேல் தப்பில்லை, கிரகணத்தின் மேலும் தப்பில்லை. இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொல்லுவேன். பால்காரரை நிறுத்தி வைத்துச் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாதது ஒன்று உண்டு. அவளுடைய பதினாறாவது வயதில் நான் ஒரு பொய்ச் சடங்கு நடத்தினேன். வயதுக்கு வராத பிள்ளையை வந்துவிட்டாள் என்று சொல்லி, ஊரைக் கூட்டி, மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். அது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. அதையும் சுமந்துகொண்டுதான் விமானம் ஏறினேன்.

முதல் நாள். பினாங்கில் இறங்கியதும் ஒரு கண்ணாடித் தட்டில் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். மெஷின் பிடிக்கவில்லை. துடைத்து வைத்தேன். அப்போதும் இல்லை. முப்பது வருஷம் பசையிலும் காகிதத்திலும் தேய்ந்த விரல், ரேகை எங்கே இருக்கும்? பின்னால் வரிசை நீண்டது. முக்காடு போட்ட மலாய்ப் பெண் ஒருத்தி எழுந்து வந்து, என் கட்டை விரலைத் தன் கையில் பிடித்து, ஈரத்துணியால் துடைத்து, குழந்தைக்குச் சாந்து வைப்பதுபோல் அழுத்தினாள். விழுந்துவிட்டது. ஏதோ சொன்னாள். "உங்க கை ரொம்ப உழைச்ச கைங்கிறாம்மா" என்றாள் தேன்மொழி. அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்தேன். அங்கே அப்படிச் செய்யலாமா என்று தெரியாது. அவள் சிரித்தாள்.

எங்களைத் தங்கவைத்தது தீவுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் லெட்சுமி என்கிற பெண்ணின் வீட்டில். பெண்பிள்ளைகளின் வளர்ச்சி பற்றித் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சேர்ந்து நடத்துகிற கூட்டம். அவள் வீட்டில் ஒரு அறை காலியாக இருந்ததால் எங்களை அவளிடம் விட்டார்கள். அவள் வீட்டுக்காரர் முனியாண்டி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவர்தான் வந்து கூட்டிப்போனார். கடலுக்கு மேலே பாலம், போய்க்கொண்டே இருக்கிறது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அடுத்த ஊர் போய்ச் சேர்ந்திருக்கலாம், அந்தப் பாலம் முடியவில்லை.

"வாங்கம்மா, வாங்க டீச்சர், பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள் லெட்சுமி. காலைப் பலகாரத்தை அங்கே பசியாறுவது என்கிறார்கள். எவ்வளவு நல்ல பேச்சு! நாம் 'டிபன்' என்கிறோம். பேச்சு முடிகிற இடத்தில் 'லா' என்று ஒரு இழுப்பும் அங்கே உண்டு.

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் அடுப்படிக்குள் போய்விடுவேன். அது என் பழக்கம், நல்லதோ கெட்டதோ. லெட்சுமியின் அடுப்படி பளிச்சென்று இருந்தது. அலமாரித் தட்டில் ஐந்து பொட்டலம் உளுந்து, இரண்டு பெரிய பாட்டில் நல்லெண்ணெய், ஒரு பொட்டலம் கருப்பட்டி. குளிர்பெட்டிக் கதவில் ஒரு பத்திரிகை ஒட்டியிருந்தது. விரல் வைத்து வாசித்தேன். செல்வி கவிதாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா, இன்னும் மூன்று வாரத்தில்.

"என் மகதாம்மா. ஆளாகிப் பத்து நாளாச்சு" என்றாள் லெட்சுமி. கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அப்போது கவிதா பள்ளிக்கூடத்தில் இருந்து வந்தாள். பதின்மூன்று வயது, படிவம் ஒன்று, அதாவது நம் ஊர் ஏழாம் வகுப்பு. ஒன்பது வயசுப் பிள்ளைபோல் இருந்தாள். கழுத்து தோளோடு அகலமாக இறங்கியிருந்தது. பின்னங்கழுத்தில் முடி தாழ்ந்து வளர்ந்திருந்தது. பையைக் கழற்றிய கையைப் பார்த்தேன். புறங்கை பொதபொதவென்று இருந்தது. முப்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், பிறந்த அன்றே வீங்கியிருந்த இரண்டு சின்னப் பாதங்கள் என் கண்ணுக்குள் வந்து நின்றன.

மறுபடி அந்த உளுந்துப் பொட்டலங்களைப் பார்த்தேன். ஒன்றும் பிரிக்கவில்லை. எண்ணெய் பாட்டிலின் மூடியில் சுற்றிய தாள்கூடக் கிழியவில்லை. பெண் ஆளானால் முதல் நாளே உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுக்காத தமிழச்சி எந்த நாட்டிலும் கிடையாது. ஆளாகிப் பத்து நாள் ஆகியிருக்கிறது, உளுந்து பிரிக்காமல் இருக்கிறது. எனக்குத் தெரிந்துபோனது. நானும் அப்படித்தான் முதலில் பத்திரிகை அடித்தேன்.

அறைக்குள் தேன்மொழியிடம் சொன்னேன். அவள் பெட்டியிலிருந்து சேலையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நானும் பார்த்தேம்மா. பார்த்து மட்டும் சொல்லிர முடியாது, ரத்தம் சோதிக்கணும். ஆனா சோதிக்க வேண்டிய பிள்ளைதான்."

"பொறவு சொல்லுறதுக்கென்ன?"

"விருந்தாளியா வந்த வீட்டுல, உங்க பிள்ளைக்கு நோய்னு எப்படிம்மா ஆரம்பிக்க? நாளைக்கழிச்சு கூட்டத்துக்கு வர்றாங்கல்ல. கேட்கட்டும். கேட்டா எல்லாம் சொல்லுவேன்." சேலையை உதறி மடித்தாள். "கேட்கணும். பதின்மூணு வயசுன்னா இன்னும் வளர ஊசி போடலாம். நாள் தள்ளத் தள்ள எலும்பு மூடிரும்."

இரண்டாம் நாள். ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று லெட்சுமி எங்களைப் படகுத்துறைக்குக் கூட்டிப்போனாள். கவிதாவும் வந்தாள். நுழைகிற இடத்தில் இருந்த ஆள் தேன்மொழியைப் பார்த்துவிட்டு அவளுக்கும் கவிதாவுக்கும் சேர்த்து இரண்டு பிள்ளை டிக்கெட் கொடுத்தான். தேன்மொழி தன் பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"என்னவாம்?" என்றேன்.

"அவன் அக்காவைவிட மூத்தவங்களான்னு கேக்கிறான்மா" என்றாள் லெட்சுமி, சிரித்துக்கொண்டே.

படகில் மோட்டார் சைக்கிள்களும் ஆட்களும் சேர்ந்து ஏறுகிறார்கள். நான் காற்று வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். தேன்மொழியும் கவிதாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்கள். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே உயரம். ஒரே கழுத்து. கைகளைக் கம்பியில் வைத்திருந்த வாகுகூட ஒன்றுதான். லெட்சுமி என் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு போய்விட்டது.

ஜார்ஜ் டவுனில் தமிழ்க் கடைத்தெரு இருக்கிறது. பூக்கட்டுகிறார்கள், முறுக்குப் பிழிகிறார்கள், பாட்டு அலறுகிறது. மதுரை வந்துவிட்டதோ என்று நினைத்தேன். குப்பை இல்லாததால் இல்லை என்று தெரிந்தது. நாசி கண்டார் என்று சோற்றின் மேல் நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுகிறார்கள். நம் வீட்டில் அப்படி ஊற்றினால் அடி விழும். ஆனால் ருசி! தட்டை வழித்துத் தின்றேன். பரிமாறியவர் தேன்மொழியின் தட்டில் கூடுதலாக ஒரு பொரித்த கோழித்துண்டு வைத்து, "பாப்பா நல்லா சாப்பிடணும்" என்றார்.

"பாப்பாவுக்கு அடுத்த வருஷம் நாப்பது அண்ணே" என்றாள் தேன்மொழி.

"அப்ப அத எடுத்துரவா?" என்றார் அவர்.

"வெச்சது வெச்சதுதான்" என்று தட்டை இழுத்துக்கொண்டாள். இந்த வாய் அவளுக்கு என்னிடமிருந்து வந்தது.

திரும்பும்போது காசு வாங்காத பஸ் ஒன்றில் ஏறினோம். ஊரை வட்டமடிக்கிற பஸ். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. தேன்மொழியும் கவிதாவும் முன்னால் போய் உட்கார்ந்து, எதையோ போனில் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லெட்சுமி என்னோடு பின்னால்.

"அம்மா, டீச்சர் சின்ன வயசுல இருந்தே இப்படியா?"

"எப்படி?"

"குட்டையா லா." கைப்பையின் வாரைத் திருகினாள். "அவங்க எத்தனை வயசுல ஆளானாங்க?"

இருபத்து மூன்று வருஷமாக இந்தக் கேள்விக்கு என் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது. நான் யோசிக்கும் முன்னால் அதுவாக வெளியே வந்துவிட்டது. "பதினாறு" என்றேன்.

லெட்சுமி நீளமாக மூச்சு விட்டாள். "அப்ப லேட்டாக்கூட வரும், இல்லம்மா? தானா வந்துரும்."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வந்த இடத்தில் உதவி செய்யாவிட்டாலும் போகிறது, கெடுத்துவிட்டேனே என்று நினைத்தேன். இறங்க வேண்டிய இடம் எப்போது போனது என்று இருவருக்கும் தெரியவில்லை. பஸ் ஊரை முழுசாக இன்னொரு சுற்றுச் சுற்றியது. தேன்மொழி எழுந்து வந்து, "ஏம்மா, இந்தக் கோயிலை ரெண்டாவது தடவை பார்க்கோம், பிரதட்சணமா செய்யுதோம்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் கூட்டம். ஜார்ஜ் டவுனில் ஒரு மண்டபம். எண்பது தொண்ணூறு பேர் இருப்பார்கள், பாதிக்கு மேல் அம்மாமார்கள். நான் முன்வரிசை. எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி லெட்சுமியும் கவிதாவும்.

தேன்மொழி மேடையில் ஏறி, மைக் உயரமாக இருந்ததைப் பார்த்து, "இத வெச்சவர் என்னை நேர்ல பார்க்கல போல" என்றாள். கூட்டம் சிரித்தது. ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார்கள். ஏறி நின்றாள். ஏறி நின்றதும், என் பிள்ளை என்பதால் சொல்லவில்லை, மண்டபமே அவள் கைக்குள் வந்துவிட்டது. ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள். அவளுடைய குரோமோசோம் படம். சின்னச் சின்னப் புழு மாதிரி ஜோடி ஜோடியாக இருக்கும். "எண்ணிப் பாருங்க. கடைசி ஜோடில ஒண்ணு இல்ல. அந்த ஒண்ணு இல்லாமலே ரெண்டு பட்டம் வாங்கினேன், எங்க அம்மாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன், கோவில்பட்டி டிராபிக்ல ஸ்கூட்டர் ஓட்டுறேன். இந்தப் படத்தை வெச்சுத்தான் பத்தாம் வகுப்புக்கு மரபியல் பாடம் எடுக்கிறேன். என் பாடத்துல பெயிலே கிடையாது."

கை தட்டினார்கள். நான் எல்லாரையும்விடக் கூடுதலாகத் தட்டினேன்.

ஒரு பெரியவர் எழுந்தார். "பிள்ளை பெத்துக்க முடியாதுன்னு எல்லார் முன்னாலயும் சொன்னா, இந்தப் பொண்ணுங்கள யாரும்மா கட்டுவான்?"

"சொல்லாம கட்டிக்கொடுத்தா அப்புறம் என்ன ஆகும்னு நினைக்கிறீங்க ஐயா?" என்றாள் தேன்மொழி. "சொல்லியும் கட்டினவங்க இருக்காங்க. கட்டாம நல்லா இருக்கிறவங்களும் இருக்காங்க. நான் இருக்கேனே, அழுதுக்கிட்டா இருக்கேன்?" பெரியவர் உட்கார்ந்தார்.

பிறகு தன் கதையைச் சொன்னாள். பிறந்தபோது பாதம் வீங்கியிருந்தது, வகுப்பில் எப்போதும் முதல் பெஞ்சு, பதினைந்து வயதிலும் சின்னப்பிள்ளைச் சட்டை. "அப்புறம் இருபது வயசுல கீழே விழுந்து மணிக்கட்டு உடைஞ்சுது. அங்கதான் டாக்டர் கேள்வி கேட்டார், ரத்தம் எடுத்தாங்க, பேர் தெரிஞ்சுது."

பதினைந்திலிருந்து இருபதுக்கு ஒரே தாவு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அவள் பேசி நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அங்கேயும் அப்படித்தான் தாவுவாள். நேரம் போதவில்லை என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த முன்வரிசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவள் தாவிய இடத்தில் நான் இருந்தேன். என்னை யாரும் பார்த்துவிடாமல், இத்தனை வருஷமாக, இத்தனை மேடையில், என் மகள் என்னைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். "நான் அவ அம்மா. எனக்குப் பேசணும்" என்றேன். யாரோ மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள்.

"நடுவுல ஒண்ணை விட்டுட்டா. நான் சொல்லுதேன். பதினாறு வயசாகியும் இவ ஆளாகலை. தெருவுல தண்ணி பிடிக்கப் போனா நாலு பேர் கேப்பாக. கல்யாண வீட்டுல கேப்பாக. எனக்குத் தாங்கலை. ஒருநாள், ஆளாயிட்டான்னு சொல்லிட்டேன். எங்க தம்பி தென்னங்கீத்துல குச்சு கட்டினான். தாய்மாமன் சீர் வந்துச்சு. உக்காரவெச்சு மஞ்சத் தண்ணி ஊத்தினேன். எல்லாம் பொய். தண்ணி தலையில இருந்து வழியையில இந்தப் பிள்ளை என்னை நிமிந்து ஒரு தடவை பார்த்தா. ஒரு வார்த்தை பேசலை."

தேன்மொழி முக்காலி மேலேயே நின்றாள்.

"அதோட போயிருந்தா சரி. அந்த வருஷமே பள்ளிக்கூடத்துக்கு ஒரு லேடி டாக்டர் வந்தாக. பிள்ளை சின்னதா இருக்காளே, வயசுக்கு வந்தாச்சான்னு என்னைக் கேட்டாக. பக்கத்துல எங்க தெருக்காரி நிக்கா. சீர் வரிசையில பாத்திரம் வெச்சவ. நான் என்ன சொல்லுவேன்? ஆச்சுங்கன்னேன். அந்தம்மா எழுதிக்கிட்டுப் போயிட்டாக. அன்னைக்கு இல்லைன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே வைத்தியம். நாலு வருஷம் போச்சு. வைத்தியம் இல்லாம பலமத்துப்போன அந்த எலும்பு உடைஞ்சது என்னால."

மூச்சு வாங்கினேன். "நேத்து ஒரு பொண்ணு எங்கிட்ட கேட்டுச்சு, உங்க மக எப்ப ஆளானான்னு. பதினாறுன்னு சொன்னேன். பழக்கதோசம். அது பொய்யி. இவ தானா ஆளாகவே இல்லை. இருபது வயசுல டாக்டர் கொடுத்த மாத்திரையில ஆனா. சடங்கு பிள்ளைய வளத்தாது. ஊசி போட்டா வளரும், டாக்டரப் பார்த்தா வளரும். அவ்வளவுதான்."

பக்கத்தில் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையிலிருந்து தேன்மொழியின் குரல் வந்தது. "உக்காரும்மா. முட்டி வலிக்கும்." உட்கார்ந்தேன். பிறகு ஒரு மணி நேரம் அம்மாமார்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். லெட்சுமி வரவில்லை.

படகில் திரும்பும்போது லெட்சுமி எங்களை விட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். வீட்டில் சோறும் மீனும் வைத்துவிட்டுத் தலைவலி என்று போய்ப் படுத்துவிட்டாள். கோபம்தான் என்று நினைத்தேன். கோபப்பட அவளுக்குப் பாத்தியதை உண்டு.

நான்காம் நாள் காலையில் அடுப்படியில் கிரைண்டர் ஓடுகிற சத்தம். போய்ப் பார்த்தேன். லெட்சுமி உளுந்தை அரைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பொட்டலம் பிரிந்து கிடந்தது. சடங்குக்கு வாங்கி வைத்த உளுந்து. முனியாண்டி வாசலில் நின்றபடி, "விழாவுக்குச் சொல்லிவெச்ச ஹால்காரனுக்கு என்ன சொல்றது? கவிதாவுக்குக் காய்ச்சல்னு சொல்லிடவா?" என்றார்.

"உள்ளத சொல்லுங்க லா. பிள்ளைய டாக்டர்கிட்ட காட்டப் போறோம், விழா இல்லன்னு சொல்லுங்க" என்றாள் லெட்சுமி. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "அம்மா, நல்ல மெதுவடைக்கு மிளகு போடுவீங்களா, பச்சை மிளகாயா?" என்று கேட்டாள்.

"ரெண்டும்" என்றேன். மாவில் கை வைத்தேன். இருவருமாகத் தட்டினோம். கவிதா ஏழு வடை தின்றாள். நல்லெண்ணெய் பாட்டில் ஒன்றை லெட்சுமி என் பெட்டியில் வைத்துவிட்டாள், எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தேன்மொழியும் கூடப் போனாள். ஊசி குத்தும்போது கவிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். ரத்தம் எடுத்திருக்கிறார்கள், இருதயத்தையும் படம் பார்க்க நாள் கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதும்வரை முடிவு வரவில்லை. எதுவாக இருந்தாலும் பேர் தெரிந்து வரட்டும்.

ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. கோடு போட்ட நோட்டில் இதை எழுதி முடித்தேன். என் மூத்த மகனின் பெண் மதி, ஏழாம் வகுப்பு, பிழை திருத்தித் தந்தாள். "பாட்டி, 'சடங்கு' எல்லா இடத்திலயும் சரியா எழுதியிருக்க" என்றாள். அந்த வார்த்தையை மட்டும் நான் மறக்க முடியுமா?

அந்த மண்டபத்தில் முன்பின் தெரியாத தொண்ணூறு பேரிடம் சொன்னேன். தேன்மொழியின் முகத்தைப் பார்த்து இன்னும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் சாப்பிட்டாயா, தலை துவட்டினாயா என்றுதான் வருகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்: தேனு, அம்மாவை மன்னித்துக்கொள். நீ தாண்டிப் போன இடத்தில் இனிமேல் தாண்ட வேண்டாம். என்னைச் சொல்லியே பேசு.

மதி, இங்கே வா. நோட்டைப் பிடி. முதலில் இருந்து வாசித்துக் காட்டு. அத்தை பக்கத்து அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறாள், கதவு திறந்துதான் இருக்கிறது. இந்தக் கடைசிப் பக்கம் வரும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி.